முகாமுக்கு யார் வரவில்லை?

கேள்வி கேட்டவர் ஒரு சிறு நகரத்தில் அறக்கட்டளை மருத்துவமனையை நிர்வகிப்பவர். நான்கு வருஷமாக மாதம் தவறாமல் இலவச முகாம் நடத்துகிறார்களாம். ஆனால் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்தும், செங்கல் சூளைகளிலிருந்தும், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் இடங்களிலிருந்தும் ஆள் வருவதே இல்லை. வருகிறவர்களிலும் பலர் மேல்சிகிச்சைக்கு வரச் சொன்னால் வருவதில்லை. "விழிப்புணர்வு போதவில்லையா? எப்படி விளம்பரம் செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார். இதை விளம்பரம் பற்றிய கேள்வியாக நான் பார்க்கவில்லை. இலவசமாகக் கொடுத்தும் ஏன் வாங்கிக்கொள்ள மறுக்கிறார்கள் என்பதுதான் அவர் மனதில் இருப்பது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் இருபது வருஷத்துக்கும் மேலாக மருத்துவமனைகளின் சமுதாயப் பிரிவில் இருக்கிறேன். கண், தாய் சேய் நலம், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் நேரடி அனுபவம் உண்டு. மனநலப் பணியில் எனக்கு அனுபவம் இல்லை. அதனால் அதைத் தொடவில்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகாமுக்கு வருகிற கூட்டத்தை வைத்து அந்த ஊரின் தேவையை அளக்க முடியாது. தென்னிந்தியக் கிராமங்களில் கண் முகாம்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. கண்ணில் கோளாறு இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர்தான். முகாம் நடந்த இடங்களிலேயே இந்த நிலைமை. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டபோது பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, "இருக்கிற பார்வையை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்" போன்ற காரணங்களைச் சொன்னார்கள். முகாம் நடப்பதே தெரியாது என்பது பெரிய காரணமாக இல்லை.

'செலவு' என்றதும் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். எல்லாம்தான் இலவசம் ஆயிற்றே? பல வருஷத்துக்கு முன்னால், இரண்டு கண்ணிலும் புரை முற்றிய ஒரு அம்மாவை அழைத்துப்போக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முகாமில் சீட்டு எழுதிக் கொடுத்து, வேன் அனுப்பியும் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கையால் தடவித் தடவி அகத்திக் கீரை உருவிக்கொண்டிருந்தார். "மூணு நாளு நான் வந்துட்டா இந்த ஆட்டை யாரு சாமி பாக்குறது?" என்றார். நான்கு ஆடுகள், ஒரு குட்டி. மகனும் மருமகளும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நாங்கள் தேட வேண்டியிருந்தது ஆடு பார்க்க ஓர் ஆளை. பக்கத்து வீட்டுப் பையனைப் பேசிவைத்த பிறகு அடுத்த வாரமே வந்துவிட்டார். போஸ்டரை இன்னும் பெரிதாக அடித்திருந்தால் அவர் வந்திருப்பாரா?

இதே விஷயத்தை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1980-களில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களைப் பிரித்து, மக்களை அறுவை சிகிச்சைக்கு அழைக்க எட்டு விதமாக முயன்றார்கள். முடிவு 1991-இல் வெளியானது. நல்ல பலன் தந்தவை இரண்டு. ஒன்று, ஏற்கெனவே புரை அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசியது. இன்னொன்று, அறுவையோடு நிற்காமல் சாப்பாடு, போக்குவரத்து என்று முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது பரவலாகவில்லை. அறுவை முடிந்தவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் நின்று, "எனக்கும் பயமாத்தான் இருந்தது, இப்போ நானே ரோட்டைத் தாண்டி வந்தேன் பாருங்க" என்று சொல்லும்போது அதற்குள்ள எடை டாக்டர் சொல்லுக்குக்கூட வராது. நான் போன ஊர்களிலும் இதையே பார்த்திருக்கிறேன்.

அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையைத் தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்டிருப்போம். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். பலரும் அதன் அறுவை எண்ணிக்கையைச் சொல்லி வியப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் முகாமை மாற்றிக்கொண்டே வந்த விதம். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் கட்டில் போட்டு அங்கேயே அறுவை செய்வது நாடு முழுக்க வழக்கமாக இருந்தது. கிருமித் தொற்று அபாயம் அதில் அதிகம். பிறகு, முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவை தேவைப்பட்டவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் முறை வந்தது. "அன்றைக்கே" என்பதைக் கவனியுங்கள். நாளைக்கு வாருங்கள் என்றால் அந்த நாளைக்குள் வீட்டில் ஆயிரம் நடந்துவிடும். கண்ணாடி தேவைப்பட்டவர்களுக்கு முகாமிலேயே தேய்த்துப் பொருத்திக் கொடுத்தார்கள். அதற்கும் இதுதான் காரணம். இடத்தையும் சாப்பாட்டையும் விளம்பரத்தையும் உள்ளூர் அமைப்புகள் பார்த்துக்கொள்ளும். மருத்துவ வேலையை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும்.

அப்படியெல்லாம் செய்தும்தான் முதலில் சொன்ன ஆய்வின் அந்த 7 சதவீதம். அதைப் பார்த்த பிறகு அவர்கள் முகாம்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. சிறு ஊர்களில் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் பார்வை மையங்களைத் தொடங்கினார்கள். ஒரு சிறிய வாடகைக் கட்டடம், பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊழியர், கண்ணைப் பார்க்கும் கருவி, தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டரோடு பேச ஒரு கேமரா. பெரும்பாலும் கிராமத்திலிருந்து பன்னிரண்டாவது முடித்து வந்த பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து எடுத்தவர்கள் அந்த ஊழியர்கள். இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஆட்டை யாரிடமாவது விட முடிந்தால் செவ்வாய்க்கிழமை போகலாம் என்ற வசதி மையத்தில்தான் உண்டு.

இனி கொஞ்சம் சந்தேகத்துக்கு உரிய பகுதி. நீங்கள் நடத்துவது பொது மருத்துவ முகாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி., ஐந்து நாள் மாத்திரை. புரை அறுவைக்கு நான் கொடுக்கும் உறுதியை இதற்குக் கொடுக்க முடியாது. உடம்பு சுகமாக இருப்பவர்களை வரவழைத்துப் பொதுவாகப் பரிசோதிப்பது உயிரிழப்பைக் குறைக்கிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு. அது 2019-இல் புதுப்பிக்கப்பட்டது. 17 ஆய்வுகள், 2,50,000-க்கும் மேற்பட்டவர்கள். குறைக்கவில்லை என்பதுதான் முடிவு. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. வழக்கமான மருத்துவரையே பார்க்காத நம் ஊர்க்காரர்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது, பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். முகாமில் ஒரு தடவை பார்த்த பிரஷரை வைத்து ஒருவரை நோயாளி என்று எழுதுவதும், ஐந்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவதும் நல்ல வைத்தியம் இல்லை. ஆறாவது நாள் என்ன செய்வார்?

அந்த ஆறாவது நாளுக்கு நம் மாநிலத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதா மாதம் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் வேலை செய்யும் தன்னார்வலப் பெண்களும் கிராம சுகாதார செவிலியரும்தான் உங்களுக்கு முதல் கூட்டாளிகளாக இருக்க வேண்டும். நான் பார்த்த பல தனியார் முகாம்களில் அந்த நர்சம்மாவுக்குத் தகவலே போயிருக்காது. அவரிடம் இருக்கும் பதிவேட்டில் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது உங்கள் முகாம் நோட்டைவிடத் தெளிவாக இருக்கும். முகாம் வைக்கும் முன் அவரிடம் போய் உட்கார்ந்து, "நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். உங்கள் மருத்துவமனையால் செய்ய முடிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய முடியாதது என்னவோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக் கிராமங்களுக்கு வருகிறேன். இங்கே தூரத்தைவிட அந்நியம்தான் பெரிய தடை. தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கும் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியர் 1993-இல் ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் வெளியிலிருந்து நர்சுகளைக் கொண்டுவரவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மூத்த பெண்ணைச் சுகாதாரப் பணியாளராக்கினார்கள். பிறகு இறப்பு விகிதம் பல மடங்கு குறைந்தது. அப்புறம் இயற்கை விவசாயச் சங்கம், லம்பாடிப் பெண்களின் கைத்தையல் என்று வேலை விரிந்தது. மருத்துவமனைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்று எழுதிக்கொண்டே இருப்பவர்கள் ஒரு நாள் அந்த வீட்டுச் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் நடந்தது இன்னும் வேறு மாதிரி. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி மக்கள் முதலில் நில உரிமைக்காகச் சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்தின் வழியாகச் சுகாதாரப் பணி வந்தது, பிறகு 1990-இல் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. நர்சுகளும் அந்தச் சமூகங்களைச் சேர்ந்த பெண்களே. இது நம்ம ஆஸ்பத்திரி என்று ஒருவர் சொல்லும்போது அது பேச்சுக்காகச் சொல்வதாக இருக்காது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் ஒரு படி மேலே போய், மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும் என்று ஆதிவாசிகளையே கேட்டார்கள். பெரிய வெள்ளைக் கட்டடம் பயமாக இருக்கிறது என்று மக்கள் சொல்ல, குடிசைகள் போல, கூட வந்த சொந்தக்காரர்களும் தங்கும்படி கட்டி, அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி அம்மன் பெயரையே வைத்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீட்டுக்கே போய்ப் பச்சிளங்குழந்தைகளைக் கவனித்ததில் அந்தக் குழந்தைகளின் இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. கிராமத்துப் பணியாளர்களால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் மருத்துவர்களில் யாராவது தயங்கினால் இதைக் காட்டலாம்.

நீங்கள் மருத்துவமனையை மலைக்கு மாற்ற வேண்டியதில்லை. அங்கிருந்து இரண்டு பெண்களை வேலைக்கு எடுங்கள். ஒருவரை ஊரில் வையுங்கள், மற்றவரை உங்கள் ஓ.பி. வாசலில் வையுங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு அந்த வாசலில் தெரிந்த முகம் ஒன்று இருக்க வேண்டும். எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது, ரத்தம் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போன ஒருவர் ஊரில் சொல்வதைப் பத்துப் பேர் கேட்பார்கள்.

செங்கல் சூளை விஷயத்தில் உங்கள் முகாம் நேரமே தப்பு என்று நினைக்கிறேன். காலை பத்து முதல் ஒன்று வரை என்று போட்டிருக்கிறீர்கள். நான் போன சூளைகளில் நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து கல் அறுக்க ஆரம்பிப்பார்கள், வெயில் ஏறும் முன் முடிக்க. பத்து மணிக்கு அவர்கள் தூங்குகிற நேரம். கல் கணக்குக்குத்தான் கூலி, முன்பணம் வாங்கி வந்த குடும்பம், ஒரு நாள் விட்டால் கடன் இறங்காது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சூளைக்கே போங்கள். முதலாளியிடம் அனுமதி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அதனால் பரிசோதிக்கும் இடம் மறைவாக இருக்கட்டும். அவர்கள் சீசன் முடிந்தால் ஊர் திரும்பிவிடுவார்கள். கர்ப்பிணிக்கும் காசநோய் மருந்து சாப்பிடுபவருக்கும் விவரம் முழுவதையும் எழுதிக் கையில் கொடுத்து, சொந்த ஊர் சுகாதார நிலையத்துக்கும் போன் போட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சூளை வேலையில் நாங்கள் பெரும்பாலும் தோற்றது இந்த இடத்தில்தான்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாள் கிடையாது. மொழிக்கு, கணவனையோ சூப்பர்வைசரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஒரு முறை ஒடிசாவைச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண் ஒருவரிடம் நாங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவர் கணவரே "ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதே குடியிருப்பில் தமிழ் கற்றுக்கொண்ட இன்னொரு பெண்ணை வைத்துத் தனியாகப் பேசியபோதுதான் மூன்று நாளாக ரத்தம் போவது தெரிந்தது. அப்படிப்பட்ட பெண்களுக்கு நாள் கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள், சும்மா வேலை வாங்கக் கூடாது. மருந்துக் கவரில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுவதோடு விடாமல், காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து, பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கைக்குப் புள்ளி வைத்துக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பாட்டிக்கும் அதுவே உதவும். பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை (மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை), திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் வெளிமாநிலத்திலும் செல்லும். இது அவர்களில் பலருக்கே தெரியாது. உங்கள் காப்பீட்டு மேசையில் இருப்பவருக்கும் தெரியுமா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் திருநங்கையர் இருப்பார்கள். தமிழ்நாடு 2008-லேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம். ஆனாலும் ஓ.பி.யில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடும் ஒரு நொடியில் அவர் எழுந்து போய்விடுவார். எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், எந்த வார்டில் படுக்க விருப்பம் என்று கேட்டு எழுத ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். முகாம் என்றாலே காப்பீட்டுப் பணத்துக்காக அறுவைக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று சில ஊர்களில் நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், முகாமில் கண்டுபிடித்தவர்களில் எத்தனை பேர் அறுவைக்கு வந்தார்கள் என்பது மட்டுமே மாதாந்திரக் கூட்டத்தில் கேட்கப்படும். அறுவை தேவையில்லை என்று சொல்லி அனுப்பியவர்களின் கணக்கை யாரும் கேட்டதில்லை. கீழே வேலை செய்பவர்கள் மேலே எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் கொண்டுவருவார்கள். கடைசியில் ஊர் நம்மேல் வைத்திருந்த நம்பிக்கை போயிற்று. திரும்ப அந்த ஊருக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. அதனால் உங்கள் கூட்டத்தில் கேட்கும் கேள்வியை முதலில் மாற்றுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? அடுத்த மாத முகாமை ஒத்திவையுங்கள். அந்தப் பணத்தில் வண்டிக்கும் இரண்டு பேர் கூலிக்கும் ஒதுக்குங்கள். கடந்த மூன்று முகாம்களின் நோட்டை எடுத்து, மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தும் வராத ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "வர முடியாமல் போனதற்கு என்ன காரணம்?" அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "விழிப்புணர்வு இல்லை" என்று நீங்களாக மாற்றி எழுத வேண்டாம். ஆடு என்றால் ஆடு, பயம் என்றால் எதைப் பற்றிய பயம், யாராவது திட்டினார்கள் என்றால் எந்த ஜன்னலில் என்று எழுதுங்கள். அடுத்ததாக, நர்சம்மாவின் பதிவேட்டில் பெயர் இருந்தும் உங்கள் முகாமுக்கே வராதவர்களின் வீடுகளுக்குப் போங்கள். முப்பது நாற்பது வீடு முடிந்ததும் உங்கள் ஊருக்கு வண்டி வேண்டுமா, நேரம் மாற வேண்டுமா, வாசலில் ஒரு ஆள் வேண்டுமா என்பது தெரிந்துவிடும். அந்த வீடுகளுக்குப் போகும்போது உங்கள் டாக்டர்களில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளைக் கோட்டு வேண்டாம்.